ராத்திரிச் சோற்றில் ஊற்றும் தண்ணீர்

அம்மையார்குப்பத்திலும், பக்கத்து ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை தறித் தெருக்களிலும் புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் கணவன் மனைவிமாருக்கு,

உங்களில் பாதிப் பேருக்கு நான் பெரியம்மா முறை, மீதிப் பேருக்கு அத்தை. முறை இருப்பதால்தான் கூச்சமில்லாமல் இதை எழுதுகிறேன்.

தை மாதத்திலிருந்து இதுவரை மூன்று வீடுகளுக்கு என்னைச் சமாதானம் பேசக் கூப்பிட்டார்கள். நகையோ, சீர்வரிசையோ, குடியோ என்று நினைத்துக்கொண்டு போனேன். மூன்று வீட்டிலும் பிரச்சினை ராத்திரிச் சாப்பாடு. ஒரு வீட்டில் பெண் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். இன்னொரு வீட்டில் நான் போனபோது தோசைத் தட்டு அப்படியே திண்ணையில் இருந்தது. இரண்டு தோசை, ஓரத்தில் வேர்க்கடலைச் சட்னி, மேலே ஆடை கட்டிப்போய்விட்டது. பையன் என்னைப் பார்த்து, "நீயே சொல்லு பெரிம்மா, இது சாப்பாடா? பகலெல்லாம் தறியில நிக்கிறவனுக்கு இது ஒரு சாப்பாடா?" என்றான். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அஞ்சரைக்கு எனக்குக் கம்பெனி பஸ்ஸு. இப்ப உலை வச்சா நான் எத்தனை மணிக்குப் படுக்கிறது அத்தை?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அன்று ராத்திரி தூங்கவிடவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் உண்டு. சோற்றுக்கா சண்டை என்று சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். தேசியக் குடும்ப நல ஆய்வு என்று சில வருடங்களுக்கு ஒருமுறை அரசாங்க ஆட்கள் வீடு வீடாக வந்து கேள்வி கேட்கிறார்கள் அல்லவா, அதில் ஒரு கேள்வி: கணவன் மனைவியை அடிப்பது எந்தெந்தக் காரணத்துக்குச் சரி? படித்துக் காட்டும் காரணங்களில் ஒன்று, அவள் சரியாகச் சமைக்காதது. நாட்டில் நடக்காத ஒன்றை அப்படி அச்சடித்துக் கேட்க மாட்டார்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணமானது 1984 ஆவணியில். அப்போது எங்கள் வீட்டில் கைத்தறி, குழித்தறி. ஒரு நாள் பாவு பிணைக்கும் வேலை இழுத்துக்கொண்டே போய், விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. நான் ரவையை வறுத்து உப்புமா கிளறி வைத்தேன். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. நான் எண்ணினேன், அதனால் தெரியும். தறியில் அவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நான் தார் சுற்றிக்கொண்டிருப்பேன். நாடா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். தார் தீர்ந்தால் கையை நீட்டுவார், நான் வைப்பேன். அவ்வளவுதான் பேச்சு.

பன்னிரண்டாம் நாள் என் மாமியார் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ராத்திரிக்குச் சோறுதான் சாப்பாடுன்னு உனக்கு யாருடா சொன்னது? நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப ராத்திரிக்குக் களிதான். உங்க நைனா ராத்திரிச் சோத்தைப் பொங்கலுக்கும் கிருத்திகைக்கும்தான் பார்த்தாரு" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியும், மறந்துவிட்டார். உங்களுக்கு யாரும் சொல்லியே இருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

என் ஆயா களி கிண்டுவதைப் பார்த்திருக்கிறேன். மண்சட்டியில் நொய் குழைந்து கொதிக்கும்போது கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுவாள். உடனே கலக்க மாட்டாள். துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குழி குத்தி, மூடி, மாவு உள்ளுக்குள் வேகும்வரை காத்திருப்பாள். பிறகு சட்டியை இறக்கி, பழந்துணி சுற்றி, இரண்டு பாதத்தாலும் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவாள். தோளிலிருந்து வருகிற வேலை அது. கட்டி தட்டாமல் வரும்வரை பேச மாட்டாள். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டுப் பார்ப்பாள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஈரத் தட்டில் போட்டு உருட்டி ஆளுக்கு ஒரு உருண்டை. நடுவில் கட்டைவிரலால் அழுத்திய குழியில் கீரைக் கடைசல், இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு. பல்லில் படாமல் விழுங்க வேண்டும்.

குழித்தறிக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். இருட்டினால் இழை தெரியாது. அதனால் பொழுது சாய்ந்ததும் எல்லோரும் சேர்ந்தே எழுந்தார்கள், சேர்ந்தே சாப்பிட்டார்கள். ஆயா எப்போதும் இரண்டு உருண்டை அதிகமாகவே போடுவாள். அதைத் தண்ணீரில் போட்டு மூடி வைப்பாள். விடிந்ததும் கையால் கரைத்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டு, ஆளுக்கு ஒரு சொம்பு. அதைக் குடித்துவிட்டுத் தறிக்குப் போவார்கள். காலையில் அடுப்பு எரியாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ராத்திரிக்குக் கிண்டிய களி, காலைக்கும் சேர்த்துக் கிண்டியது.

பிறகு அரிசி வந்தது. ஒரே நாளில் வரவில்லை. 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசி போடுவோம் என்றார், ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். சென்னையிலும் கோவையிலும் தொடங்கியதோடு அது நின்றது. ஆனாலும் அரிசிக்கு ஜனங்கள் எப்படி ஏங்கியிருந்தார்கள் என்பதற்கு அந்த ஓட்டே சாட்சி. மலைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், 1983இல் என்.டி. ராமாராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். நகரியில் இருந்த என் நாத்தனார் வீட்டில் சங்கட்டிச் சட்டியை, அதாவது களிச் சட்டியைப் பரணில் ஏற்றியது அந்தக் காலத்தில்தான். இந்தப் பக்கம் ரேஷன் அரிசி விலை இறங்கி இறங்கி, 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் மாதத்திலிருந்து இலவசம். அதற்குள் எல்லார் வீட்டிலும் ராத்திரி உலை கொதிக்கத் தொடங்கிவிட்டது. பெண் பார்க்கப் போகும்போது, "அவங்க வீட்ல ரெண்டு வேளையும் சோறு" என்று பெருமையாகச் சொன்ன காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதனால், தம்பி, நீ தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு, "காலங்காலமா ராத்திரிக்குச் சோறுதான்" என்று சொன்னாயே, உன் காலங்காலம் உன் அப்பாவின் வயதுகூட இல்லை. அதே சமயம் உன் வார்த்தையை நான் அலட்சியம் செய்யவும் மாட்டேன். உன் தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று உன் அப்பாவுக்குக் கிடைத்தது. அதைத் தட்டில் பார்த்தால்தான் நாம் நன்றாக இருக்கிறோம் என்று நம் வீட்டு ஆண்களுக்கு ஒரு நிம்மதி. சோறு இல்லாத தட்டைப் பார்த்ததும் உனக்கு வந்த கோபத்தில் அந்தப் பழைய பயமும் இருக்கிறது. உன் பெண்டாட்டிக்கு அது தெரியாது, நீயும் சொல்லவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதையும் நீ சொல்லவில்லை. நான் கிளறிக் கிளறிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. ராத்திரி சோறு வடித்தால் மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். காலை ஆறு மணிக்கு அந்தப் பழைய சோற்றில் மோரும் உப்பும் போட்டு, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால் மதியம்வரை தறிக்கு முன்னால் நிற்கலாம், வயிறு கூப்பிடாது. ராத்திரி தோசை என்றால் காலையில் பானை காலி. அவள் அஞ்சரைக்குப் போய்விடுவாள். நீ டீயும் பொறையும் தின்றுவிட்டு நிற்கிறாய். பதினோரு மணிக்குக் கண் இருட்டுகிறது என்றாய். உன் சண்டை ராத்திரித் தோசையோடு இல்லை, காலையில் காலியாக இருக்கிற பானையோடு. அதை அவளிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

இப்போது அவள் பக்கம். நம் ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும், ஆந்திராவில் ஸ்ரீசிட்டிப் பக்கமும் கம்பெனி பஸ்ஸில் போகும் பெண்கள் மதியம் கேன்டீனில் சோறுதான் சாப்பிடுகிறார்கள். காலை டிபனும் அங்கேயே. வீட்டுப் பழைய சோறு அவளுக்குப் பயன்படாது. சாயங்காலம் வந்து இறங்கும்போது கால் வீங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரைத்து வைத்த மாவு இருக்கிறது, கல்லைப் போட்டால் பத்து நிமிஷம். வயிற்றுக்கும் அதுவே போதும் என்கிறாள். அது சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2024இல் அரசாங்கம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிஷம். வீட்டு வேலை பார்க்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே. இவளுக்கு அந்த நேரம் கம்பெனி வேலைக்கு மேலே.

டிபன் சாப்பாடே ஆகாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் திருத்தணி முருகன் எல்லையில் இருக்கிறவர்கள். கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் ஒருபொழுது இருக்கிறோம். சனிக்கிழமையானால் பெருமாளுக்காக ராத்திரி பலகாரம். அந்த நாளில் இட்லி தின்றால் விரதம் கெடாது, சோற்றைத் தொட்டால் கெட்டுப்போகும். டிபன் வேறு, சாப்பாடு வேறு என்ற எண்ணம் நமக்கு அங்கிருந்து வந்தது. தப்பில்லை. ஆனால் அந்த ராத்திரிகளில் நான்கு இட்லியோடு படுத்து, காலையில் எழுந்து, 365 படி ஏறி மலைக்குப் போய்வந்த உடம்புதான் இது. இட்லியால் யாரும் படியில் உட்கார்ந்துவிடவில்லை.

இரண்டாவது வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. டாக்டர் சப்பாத்தி என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா தினமும் சப்பாத்தி இடுகிறாள், அவர் தினமும் முகத்தைத் திருப்புகிறார், பிறகு ஆறு சப்பாத்தியை உருளைக்கிழங்கோடு சாப்பிடுகிறார். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு சொல்கிறது, ஆகவே இது எல்லார் வீட்டுக்கும் வரப்போகிற பேச்சு. கோதுமையிலும் மாவுச்சத்துதான், அரிசியிலும் மாவுச்சத்துதான். எத்தனை என்பதும், கூட என்ன என்பதும் கணக்கு. ஒரு கரண்டி சோறு, கீரை, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல் என்று வைத்தால் ஆகுமா என்று இருவரும் சேர்ந்து போய் டாக்டரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை அவள் மட்டும்தான் மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது வீடுதான் பெட்டி கட்டிய வீடு. அந்தப் பெண் நகரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். தெலுங்கு பேசுகிற வீடு. ராத்திரியில் சங்கட்டி கிண்டி, புளிச்சகீரைப் பச்சடியோடு சாப்பிட்டு வளர்ந்தவள். இங்கே வந்து ஒரு நாள் ஆசையாகக் கிண்டியிருக்கிறாள். பையன் அவன் நண்பர்கள் முன்னால், "இல்லாதவங்க சாப்பாட்டை எல்லாம் ஏன் இங்க கொண்டாந்த?" என்று கேட்டுவிட்டான்.

அன்று எனக்கு வந்த கோபத்தை இன்னும் முழுசாக அடக்க முடியவில்லை. சங்கட்டியும் களியும் ஒரே சட்டி. ஒரு பெயர் அவர்கள் நாக்கில், இன்னொன்று நம் நாக்கில். இந்தத் திருத்தணிப் பக்கமே 1960 ஏப்ரல் 1ஆம் தேதிவரை சித்தூர் மாவட்டத்தில், ஆந்திராவில்தான் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடியதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எல்லைக் கல் எங்கே நடுவது என்பதில்தான் சண்டை. கல்லுக்கு இரண்டு பக்கமும் ராத்திரியில் துடுப்புச் சத்தம் ஒன்றாகவே கேட்டது. அந்தப் பையனின் கொள்ளுத் தாத்தா நெய்த ஒவ்வொரு முழமும் களி தின்ற கையால் நெய்தது.

ஆடி வந்தால் அம்மன் கோயில் வாசலில் அதே கேழ்வரகுக் கூழுக்கு, அதே முருங்கைக்கீரைக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் சொம்பைப் பிடித்துக்கொண்டு நாம் எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். அம்மனுக்கு உகந்தது வீட்டு மருமகள் கிண்டினால் இல்லாதவர்கள் சாப்பாடு ஆகிவிடுமா? 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தபோது கேழ்வரகின் பெருமையைப் பத்திரிகையெல்லாம் எழுதின. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் பத்து இருந்தால் அதிகம். பிள்ளை பெறப்போகிற பெண்ணுக்கு எது வேண்டும் என்று அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். நண்பர்கள் முன்னால் சொன்னதை நண்பர்கள் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். நான் அவள் பக்கம். அவன் இன்னும் அதைச் செய்யவில்லை. இதைப் படித்தால் செய்வான் என்று நம்புகிறேன்.

இவ்வளவு வீடு பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் ஊரில் ராத்திரிக்கு எது சாப்பாடு என்பதைத் தறி முடிவு செய்தது. களியோ சோறோ, மறுநாள் காலை தறிக்குப் போகிற எல்லோரின் பசியையும் சேர்த்து ராத்திரியில் ஒரே சட்டியில் வேகவைத்தார்கள். அதனால் அது முழுச் சாப்பாடாக இருந்தது. இன்று உங்கள் இரண்டு பேரின் காலையும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. விசைத்தறி மின்சாரம் இருக்கும்வரை ஓடுகிறது, கம்பெனி ஷிப்டுக் கணக்கில் ஓடுகிறது. பிரிந்துபோன காலைகளுக்கு ஒரே ராத்திரிச் சாப்பாட்டைக் கேட்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறீர்கள். "ராத்திரிக்கு என்ன?" என்று கேட்பதற்கு முன்னால், "காலைக்கு உனக்கு என்ன?" என்று கேளுங்கள். ராத்திரிக்கு என்ன என்பது அதற்குள்ளேயே வந்துவிடும்.

தோசைத் தட்டு வீட்டில் அப்படித்தான் செய்தோம். பையனுக்குக் காலையில் பழைய சோறு வேண்டும். பழைய சோறு வேண்டுமானால் சோறு வடிக்க வேண்டும். வேண்டியவன் அவன், ஆகவே வடிப்பவனும் அவனே. தறியை அணைத்துவிட்டு வந்து அரை மணி நேரம். குக்கர் வேண்டாம், குக்கர் சோறு காலைக்குள் குழைந்து நாறிவிடும், பானையில் வடி என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் கஞ்சி வடிக்கும்போது கையில் ஊற்றிக்கொண்டான். அவள் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினாள். இப்போது ஒரு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவனுக்குக் கை பழகிவிட்டது. அவள் அவளுக்கு இரண்டு தோசை வார்க்கிறாள், அவனுக்கும் ஒன்று. அவன் சோற்றுக்கு மதியக் குழம்பைச் சுடவைத்துக்கொள்கிறான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். தட்டில் வேறு வேறு இருக்கிறது. மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடுவது மட்டும் அவள் செய்கிறாள். அதை நான் சொல்லவில்லை, அவளாகச் செய்கிறாள்.

மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை, மடல் உங்களுக்கு இல்லையென்றாலும். "என் பிள்ளை அடுப்படியில் நிற்கிறானே" என்று தெருவில் சொல்லாதீர்கள். அவன் நிற்பது அவனுடைய காலைச் சாப்பாட்டுக்கு.

தட்டைத் தள்ளுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள். அந்தப் பதினோரு நாளில் என் வீட்டுக்காரர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவே இல்லை. போன வருடம் அவர் போய்விட்டார். இனிக் கேட்க முடியாது.

வரும் ஆடிக் கிருத்திகை முடிந்து, காவடிக் கூட்டம் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, என் வீட்டில் களி. கீரைக் கடைசல் உண்டு, கருவாட்டுக் குழம்பு உண்டு. நகரிப் பெண் புளிச்சகீரைப் பச்சடி செய்துகொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆயாவின் துடுப்பு என்னிடம்தான் இருக்கிறது. எனக்குத் தோள் வலி, இருபது பேருக்குக் கிண்ட முடியாது. பெண்கள் வந்து உட்காருங்கள். ஆண்கள் அரை மணி முன்னால் வாருங்கள், கையைக் கழுவிக்கொண்டு. இரண்டிரண்டு உருண்டை அதிகமாகப் போடுவோம். திங்கட்கிழமை காலைக்கு ஒரு தூக்கு கொண்டுவர மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரியம்மா
அம்மையார்குப்பம்